உப்பு தொடாத விருந்தாளி

மூன்று வருஷமாக எந்த மனிதனை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்தாளோ, அந்த மனிதனே குடையும் கையுமாகப் படகுத்துறையில் நின்று டெல்மிராவைக் கைபிடித்துக் கரையில் இறக்கிவிட்டான்.

"வாங்கம்மா, வாங்க! நம்ம தீவை மறக்காம திருவிழாவுக்கு வந்துட்டீங்களே! முதல்ல வயித்துக்கு, அப்புறம் சாமிக்கு. இந்தாங்க, சூடா இருக்கு."

உருளைக்கிழங்கைத் துருவிச் சுட்ட அடை, மேலே பன்றிக் கொழுப்பு பளபளத்தது. டெல்மிரா அதைத் தொடவில்லை.

"உப்பு சேர்த்திருக்குமே, டான் எவாரிஸ்தோ?"

"உப்பில்லாம அடையா?"

"அப்ப வேண்டாம். டாக்டர் உப்பைத் தொடக் கூடாதுன்னு சொல்லியிருக்கார்."

எந்த டாக்டரும் சொல்லவில்லை. ஒருவன் வீட்டு உப்பைத் தின்றால் உள்ளளவும் அவனை நினைக்க வேண்டும் என்பார்கள். அவள் அவனை நினைத்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் நன்றியோடு இல்லை. புருஷனைக் கொன்றவன் யாரென்று தெரிகிற வரைக்கும் இந்தத் தீவில் உப்புப் போட்ட ஒரு கவளமும் தொண்டையில் இறங்காது என்று அன்செல்மோவின் குழிமேட்டில் நின்று சொன்னவள் அவள். சொன்னால் சொன்னதுதான்.

"எனக்கு அந்த டாக்டர் இல்லைங்க" என்று போலோ கையை நீட்டி இரண்டு அடைகளை வாங்கிக்கொண்டான். போலோ அவளுடைய உதவியாள். முன்பு படகில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தான். இப்போது புவெர்த்தோ மோந்த் துறைமுகத்தில் டெல்மிரா நடத்தும் துப்பறியும் ஆபீசில் ஆளைப் பின்தொடர்வது, கதவுக்குப் பின்னால் நிற்பது, முதலாளியம்மாவைக் கோபத்திலிருந்து காப்பாற்றுவது என்று சகல வேலையும் அவனுடையது. முதல் இரண்டையும் அந்த உடம்பை வைத்துக்கொண்டு எப்படிச் செய்கிறான் என்பது இன்னும் துப்புத் துலங்காத கேஸ்.

டான் எவாரிஸ்தோ குடையைப் பிடித்தபடி முன்னால் நடந்தான். தீவின் ஒரே கடை அவனுடையது. பாதிரியார் படகேறி வருவதே அபூர்வம். இந்த முறை நேற்று வரை கடல் கொந்தளித்ததால் திருவிழாவுக்கும் வரவில்லை. ஆகவே கோயில் நிர்வாகம், செபம், திருவிழா எல்லாம் உபதேசியாரான அவனிடம்தான். கடலுக்கு அக்கரையில் இருக்கும் கண்டத்திலிருந்து கடை வைக்க வந்தவன் இருபது வருஷத்தில் ஊருக்கே தலைவனாகிவிட்டான். அவன் சிரித்தால் ஊரே சிரிக்கும்.

"பையில என்ன முதலாளியம்மா, இவ்வளவு கனம்?" என்று போலோ தணிந்த குரலில் கேட்டான்.

"அன்செல்மோவோட கொட்டாப்புளி."

படகின் பலகை இடுக்கில் நார் அடைக்கும் மரச் சுத்தியல் அது. போலோ அடையை மெல்வதை நிறுத்தினான்.

"சாமி கும்பிட வர்றவங்க மெழுகுவர்த்திதான் கொண்டாருவாங்க."

"நானும் ஒருத்தனை அணைக்கத்தான் வந்திருக்கேன்."

"அம்மா தாயே! துப்புத்தான் துலக்க வந்திருக்கோம், மண்டையத் துலக்க வரல. அந்தப் பைய நான் தூக்கிக்கிறேன், குடுங்க."

அவள் கொடுக்கவில்லை.

துப்பு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. போன வாரம் துறைமுகத்துச் சாராயக் கடையில் ஒரு விறகு வெட்டி போலோவிடம் உளறியது. அன்செல்மோ செத்த பிறகு அவனுடைய படகை உபதேசியார் விலைக்கு வாங்கினான். விதவைக்கு உதவி என்று ஊர் மெச்சியது. புதுப் படகு, ஒரு சொட்டு உள்ளே வராது. அதை வாங்கி என்ன செய்தான்? ஓட்டவில்லை, விற்கவில்லை. அந்த விறகு வெட்டியைக் கூப்பிட்டுத் தலைகீழாகக் கவிழ்க்கச் சொல்லி, அவனுடைய கோடாலியை வாங்கி முதலில் ஏராவைப் பிளந்தானாம். ஏரா என்றால் படகின் அடிக்கட்டை, முதுகெலும்பு மாதிரி நீளமாக ஓடுவது. படகை உடைக்கிறவன் எவனும் மேல் பலகையில்தான் கை வைப்பான். கையில் கோடாலியை வாங்கிக்கொண்டு இவன் ஏராவிலா ஆரம்பிப்பான்? எதைத் தேடினான்? இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால் போதும். மீதியைக் கொட்டாப்புளி பார்த்துக்கொள்ளும் என்று டெல்மிரா நினைத்திருந்தாள்.

கோயில் மேட்டில் நின்றது. மீன் செதிலை அடுக்கியது போலச் சுவர் முழுக்க மரச் சில்லுகள். கதவு நிலையின் மேல் பெரிய எழுத்தில் செதுக்கியிருந்தது: 'யாராயிருந்தாலும் உள்ளே வா.' அந்தக் கதவுக்குப் பூட்டே கிடையாது. புயலில் கரையொதுங்கியவன், கடன்காரன், குடிகாரன், வேற்று மதத்துக்காரன் எல்லோரும் அதற்குள் படுத்து எழுந்து போயிருக்கிறார்கள். உள்ளே வர முடியாமல் போனது ஒரே ஒரு குடும்பம்தான். அன்செல்மோவைக் கல்லறைத் தோட்டத்து வேலிக்கு வெளியே புதைத்தார்கள். அவனுடைய தாய் பூசைக்கு வந்தபோது பெண்கள் எழுந்து வேறு பெஞ்சுக்குப் போனார்கள். அந்தக் கிழவி அடுத்த குளிர்காலத்தைப் பார்க்கவில்லை.

காரணம் பீடத்துக்கு இடப்பக்கம் இருந்தது. ஒரு வெறும் மாடம்.

அங்கேதான் தேவதூதரான சம்மனசு ரபேல் நின்றிருந்தார். இந்தத் தீவில் எந்தக் காலத்திலோ சைப்ரஸ் மரத்தில் செதுக்கிய சுரூபம். ஊர்க்காரர்கள் மாதிரியே கம்பளிப் போர்வை, தலையில் பின்னல் குல்லா, கையில் வாளுக்குப் பதில் ஒரு கொடுவா மீன். கூப்பிட்ட குரலுக்குக் கடலில் நடந்து வருகிற சம்மனசு என்று பேர். ஒருநாள் காலையில் மாடம் காலியாயிருந்தது. அன்று மாலை அன்செல்மோ கால்வாயில் பிணமாக மிதந்தான். கோயில் கூரையைப் பழுது பார்த்துக்கொண்டிருந்த தச்சன் அவன்தான். 'சுரூபத்தைத் திருடினான், சம்மனசு தண்ணியிலேயே தண்டிச்சிட்டார்' என்று டான் எவாரிஸ்தோ கண்ணீரோடு சொன்னான். ஊர் அப்படியே விழுங்கிவிட்டது.

"பாருங்கம்மா" என்று இப்போதும் அவன் மாடத்தைக் காட்டினான். குரலில் தேன் வழிந்தது. "நான் எல்லாத்தையும் மன்னிச்சிட்டேன். ஊர்ஜனத்துக்குத்தான் மனசு ஆறல. ஆப்பிள் மது ஒரு வாய் குடிக்கிறீங்களா? அதுல உப்பு இல்ல."

"எல்லாம் முடிஞ்சதும் குடிக்கிறேன்."

"எது முடிஞ்சதும்?"

"திருவிழாதான், வேறென்ன?" என்று போலோ குறுக்கே பாய்ந்து கோப்பையை வாங்கிக்கொண்டான்.

உபதேசியார் விருந்துக் குழியைப் பார்க்க வெளியே போனான். கடற்கரையில் குழி வெட்டி, கல்லைப் பழுக்கக் காய்ச்சி, அதன்மேல் கிளிஞ்சல், பன்றிக்கறி, கிழங்கு எல்லாவற்றையும் கொட்டி இலை போட்டு மூடுவார்கள். அந்த நேரத்தில் தீவில் ஒரு பூனைகூட வேறிடத்தில் இருக்காது. கோயிலில் ஒரே ஒருத்திதான் மிச்சம். மணி அடிப்பவளான டோனா சோய்லா, வெறும் மாடத்துக்கு முன்னால் முட்டி போட்டுத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். டெல்மிராவைப் பார்த்ததும் துணியைப் பிழிந்த பிழியில் அவளுடைய மனசு தெரிந்தது.

"வந்துட்டியா? உன் புருஷன் விட்டுட்டுப் போன வெறும் மாடத்தையும் தூக்கிட்டுப் போக வந்தியா?"

"பெருசா இருக்கு, படகுல கொள்ளாது" என்றான் போலோ.

"இந்தத் தடியனை யாரு பேசச் சொன்னது? அந்த வாளியை இங்கிட்டுத் தள்ளு. பாத்தா தெரியல, ஏரா ஒழுகுது?"

போலோ வாளியைத் தள்ளினான். மேலேயிருந்து ஒரு சொட்டு 'டொக்' என்று விழுந்தது. டெல்மிரா இருந்த இடத்தில் அப்படியே நின்றாள்.

"என்ன சொன்னீங்க? எது ஒழுகுது?"

"ஏராதான். காது அடைச்சிருச்சா?"

"ஏரா படகுலதானே இருக்கும், டோனா சோய்லா?"

"நீ நிக்கிறது எதுக்குள்ள?" சோய்லா ஈரக் கையால் மேலே காட்டினாள். "அண்ணாந்து பாரு. வீடு கட்டத் தெரிஞ்சவன் எவனாச்சும் இதக் கட்டினான்னா நெனச்ச? எங்க முப்பாட்டனுங்களுக்குப் படகு மட்டும்தான் கட்டத் தெரியும். பெருசா ஒண்ணு கட்டி, கவுத்துப் போட்டுட்டு, உள்ள சாமிய வச்சானுங்க. உச்சியில ஓடுற உத்தரம்தான் ஏரா. எங்கப்பன் அப்படித்தான் சொல்லுவான், உன் புருஷனும் அப்படித்தான் சொல்லுவான். தச்சன் வீட்டுப் பேச்சு. கடைக்காரனுக்கெல்லாம் அது வெறும் கூரை."

டெல்மிரா அண்ணாந்து பார்த்தாள். நீல வர்ணம் பூசி நட்சத்திரம் எழுதிய மர வளைவு. ஒரு ஆணி கிடையாது, எல்லாம் மர முளை. விலா எலும்புகள் மாதிரி இரண்டு பக்கமும் சட்டங்கள் இறங்கின. ஆமாம், கவிழ்த்துப் போட்ட படகுதான். கவிழ்ந்த படகில் ஏரா மேலேதானே இருக்கும்!

"எப்போலேருந்து ஒழுகுது?"

"சம்மனசு போனதுலேருந்து. மாடத்துக்கு நேரா மேல. சம்மனசு அழுறார்னு ஊர்ல சொல்றாங்க."

"அழுகைக்கு வாளி வைக்கிற ஊரை இப்பத்தான் பாக்குறேன்" என்றான் போலோ. "ஏறி அடைக்க மாட்டாங்களா?"

"உபதேசியார்தான், தச்சன் வேணாம், வாளி போதும்னுட்டார். அன்செல்மோவுக்கு அப்புறம் ஒரு தச்சனையும் கோயில் வாசல் மிதிக்க விடல அவர்."

டெல்மிராவுக்கு எல்லாம் புரிந்தது. 'எங்கே வைத்தாய்?' என்று ஒருவன் கேட்டிருக்கிறான். 'ஏராவுக்கு அடியில்' என்று அன்செல்மோ சொல்லியிருக்கிறான். கேட்டவன் தச்சன் வீட்டில் பிறக்காதவன். ஓடிப்போய் படகை வாங்கி ஏராவைப் பிளந்திருக்கிறான்.

"டோனா சோய்லா, மேல ஏற வழி எங்கே?"

"மணிக்கூண்டு ஏணி. எதுக்கு?"

"உங்க சம்மனசோட கண்ணீரைத் துடைக்க."

மணிக்கூண்டு ஏணியில் போலோ ஏறியபோது ஒவ்வொரு படியும் முனகி முனகி ஒரு பாவசங்கீர்த்தனம் செய்தது. சோய்லாதான் முன்னால் போனாள். நம்பி அல்ல, இந்தத் திருடன் பெண்டாட்டி மேலே எதையாவது உருவிவிடக் கூடாதே என்று. வளைவுக்கும் கூரைக்கும் நடுவே தவழ்ந்து போகிற அளவு இடம். உச்சி உத்தரத்துக்குக் கீழே, ஒரு மர முளையை யாரோ வேண்டுமென்றே உருவி வைத்திருந்தார்கள். அந்த ஓட்டை வழியாகத்தான் மழை வந்தது. என்றைக்காவது ஒரு தச்சன் மேலே ஏறுவான் என்று அன்செல்மோ உருவி வைத்த முளை அது. ஓட்டைக்கு எட்டத்தில், நனையாத இடத்தில், மெழுகுத்துணி சுற்றிய ஒரு கட்டு இருந்தது.

மூட்டையைப் பார்த்ததும் போலோதான் முதலில் விசில் அடித்தான்.

"முதலாளியம்மா, முடிச்சப் பாருங்க. அன்செல்மோ அண்ணன் கயிறு போட்டா படகு முடிச்சு. ஒரு இழுப்பு இழுத்தா அவுந்துரும். இது ரெட்டைச் சுத்து, மேல பூ முடிச்சு. சக்கரைப் பொட்டலம், சீஸ் பொட்டலம் கட்டுறவன் முடிச்சு. இந்த மெழுகுத்துணியும் சீஸ் சுத்துறது."

"அப்ப கட்டினது கடைக்காரன். கண்டத்துல எவனுக்கோ வித்து அனுப்பத் தயாரா கட்டி வச்சிருக்கான். அன்செல்மோ கண்டுபிடிச்சு, கட்டோட தூக்கிட்டு வந்து இங்க ஒளிச்சிட்டான். பாதிரியார்கிட்ட சொல்லலாம்னு இருந்திருப்பான். அதுக்குள்ள…" டெல்மிரா கயிற்றை அவிழ்த்தாள்.

சோய்லா துணியை விலக்கினாள். பின்னல் குல்லா. கம்பளிப் போர்வை. கொடுவா மீன். அவள் சத்தமில்லாமல் அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு டெல்மிராவின் காலைப் பிடித்தாள்.

"அந்தக் கிழவி வந்தப்ப மொத ஆளா பெஞ்சை விட்டு எழுந்தவ நான்தாண்டி. என்னை அடி."

"உங்களை அடிச்சு என்ன ஆகப்போகுது? என் கைக்கு வேற வேலை இருக்கு." டெல்மிரா பையைத் திறந்தாள்.

போலோ அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தான். முதல் தடவையாக அவன் முகத்தில் சிரிப்பில்லை.

"முதலாளியம்மா. அடிச்சீங்கன்னா ஒரு நிமிஷத்துல செத்துருவான். உபதேசியாராவே செத்துருவான். ஊரே அழுது, வேலிக்கு உள்ள புதைக்கும். அண்ணன் வெளியவே கிடப்பார். அது போதுமா உங்களுக்கு?"

கீழே மழைச் சொட்டு வாளியில் விழுந்துகொண்டிருந்தது. டெல்மிரா கொட்டாப்புளியை விட்டுப் பையை மூடினாள்.

"போதாது" என்றாள். "சப்பரம் எங்கே இருக்கு?"

சப்பர ஊர்வலம் அந்தத் தீவின் புது வழக்கம், எவாரிஸ்தோ கண்டுபிடித்தது. சம்மனசு போனதிலிருந்து வெறும் சப்பரத்துக்குக் கறுப்புத் துணி போர்த்தி, நாலு பேர் தூக்கிக் கோயிலைச் சுற்றுவார்கள். உபதேசியார் முன்னால் நின்று, 'நம்ம சம்மனசைத் திருடினது யாரு?' என்று கேட்பான். ஊர் ஒரே குரலில் 'அன்செல்மோ!' என்று சொல்லும். பால்குடி மறக்காத பிள்ளைகூட அந்தப் பேரைச் சொல்லி எச்சில் துப்பப் பழகியிருந்தது.

மணி அடித்தது. விருந்துக் குழியை மூடிவிட்டு ஊர் திரண்டு வந்தது. விருந்தை மோப்பம் பிடித்து வருஷம் தவறாமல் வருகிற துறைமுகப் போலீஸ்காரர்கள் இரண்டு பேரும் கூட்டத்தில் இருந்தார்கள். நாலு பேர் சப்பரத்தைத் தோளில் ஏற்றினார்கள்.

"என்னடா இது, வெறும் சப்பரம் இந்தக் கனம் கனக்குது?" என்றான் ஒருவன்.

"வருஷத்துக்கு வருஷம் உனக்கு வயசாகுதுல்ல" என்றான் பக்கத்தில் நடந்த போலோ.

எவாரிஸ்தோ வாசலில், 'யாராயிருந்தாலும் உள்ளே வா'வுக்கு நேர் கீழே நின்று இரண்டு கைகளையும் உயர்த்தினான். டெல்மிராவைப் பார்த்து, 'என்ன செய்ய, ஊர் வழக்கம்' என்பது போல வருத்தமாகத் தலையாட்டிவிட்டுக் குரலெடுத்தான்.

"நம்ம சம்மனசைத் திருடினது யாரு?"

"அன்செல்மோ!"

"யாரு?"

"அன்…"

டெல்மிரா கறுப்புத் துணியை உருவினாள்.

மழை ஓய்ந்த வெளிச்சத்தில் சம்மனசு ரபேல் குல்லாவும் போர்வையுமாக, கையில் மீனோடு நின்றார். ஒரு கிழவர் ஈர மண்ணில் அப்படியே முட்டி போட்டார். தூக்கியவர்களில் ஒருவனும் சப்பரத்தை இறக்கவில்லை.

எவாரிஸ்தோவின் முகத்தில் முதலில் தெரிந்தது பக்தி இல்லை, பயமும் இல்லை. ஆத்திரம். மூன்று வருஷம் தேடிக் கிடைக்காத பொருளை இன்னொருத்தி கையில் பார்த்தவனின் ஆத்திரம்.

"எங்கே… எங்கே இருந்துது இது?"

"என் புருஷன் சொன்ன இடத்துலதான்" என்றாள் டெல்மிரா சாவகாசமாக. "ஏராவுக்கு அடியில."

"பொய்!" அவன் கத்தினான். "பொய் சொல்றா! அந்த ஏராவை நானே ரெண்டாப் பிளந்து பாத்தேன். ஒரு புழுகூட இல்ல அதுல!"

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது என்ன என்று அவனுக்கே காதில் விழுந்தது.

"அப்படியா?" என்றான் போலோ, மிகவும் மரியாதையாக. "ஏராவுல பாருன்னு உங்களுக்கு யாரு சொன்னது, உபதேசியாரே?"

எவாரிஸ்தோ பின்னால் நகர்ந்தான். பின்னால் சோய்லா நின்றிருந்தாள். அவள் கையை உயர்த்திக் கோயில் உச்சியைக் காட்டினாள். ஊர் முழுக்க அண்ணாந்து பார்த்தது. தச்சன் வீட்டில் பிறந்தவர்கள் புரிந்துகொண்டார்கள், பக்கத்தில் நின்றவர்களுக்கும் சொன்னார்கள். "ஏரா… ஏரா…" என்று அந்தச் சொல் வாய் விட்டு வாய் போயிற்று. கடைசியாகப் புரிந்தது எவாரிஸ்தோவுக்குத்தான்.

"கூரையா?" என்றான் ஈனக் குரலில். "மூணு வருஷமா… என் தலைக்கு மேலயா?" அவனுடைய வாய் தானாக ஓடியது. "தண்ணிக்குள்ள தலைய அமுக்கி அமுக்கித் தூக்கினேன். மூச்சு முட்டும்போது மனுஷன் பொய் சொல்ல மாட்டானேன்னு நம்பினேன்…"

"அவர் பொய் சொல்லல" என்றாள் டெல்மிரா. "இருபது வருஷம் எங்காளுங்க சோத்தத் தின்னும் உனக்குத்தான் பாஷை தெரியல."

போலீஸ்காரர் ஒருவர் விலங்கை எடுத்தார். டெல்மிரா கையை நீட்டித் தடுத்தாள்.

"ஒரு சுத்து பாக்கி இருக்கு, ஐயா. சப்பரத்தைப் பாதியில நிறுத்தக் கூடாது. முன் கம்பை இவன் தூக்கட்டும்."

போலீஸ்காரர் ஊரைப் பார்த்தார். ஊருடைய முகத்தைப் பார்த்துவிட்டு விலங்கை இடுப்பில் செருகிக்கொண்டார்.

அவன் திருடிய சம்மனசையே அவனுடைய தோளில் ஏற்றினார்கள். சேற்றில் கால் வழுக்க வழுக்க எவாரிஸ்தோ நடந்தான். முன்னால், அவன் வழக்கமாக நிற்கும் இடத்தில், டெல்மிரா நின்றாள். மூன்று வருஷமாகத் தொண்டையில் அடைத்துக்கொண்டிருந்ததை எல்லாம் திரட்டிக் கேட்டாள்.

"நம்ம சம்மனசைத் திருடினது யாரு?"

"எவாரிஸ்தோ!"

"கேக்கல!"

"எவாரிஸ்தோ! எவாரிஸ்தோ!"

கோயிலை முழுக்கச் சுற்றி வருகிற வரை விடவில்லை. கல்லறைத் தோட்டத்து வேலி வந்ததும் சோய்லா தலைமையில் பெண்கள் வேலிக் கம்புகளைக் கையாலேயே பிடுங்கி எறிந்தார்கள். அன்செல்மோவின் குழி எங்கே கிடந்ததோ, அதற்கும் வெளியே புது வேலி நட வேண்டும் என்று பேசிக்கொண்டார்கள். டெல்மிராவின் கண் நிறைந்தது. அவள் துடைக்கவில்லை.

விருந்துக் குழியின் இலைகளை விலக்கியபோது ஆவி ஆள் உயரத்துக்கு எழுந்தது. போலீஸ் படகு கிளம்பக் காத்திருந்தது. அதில் விலங்கோடு உட்கார்ந்திருந்த எவாரிஸ்தோவுக்கு நேர் எதிரே, துறையின் விளிம்பில் ஒரு பெட்டியைப் போட்டு டெல்மிரா உட்கார்ந்தாள். சோய்லா ஒரு தட்டு நிறையக் கிளிஞ்சலும் கறியும் சூடான அடையும் கொண்டுவந்து நீட்டினாள். படகுத்துறைப் பேச்சு அதற்குள் ஊர் முழுக்கப் பரவியிருந்ததால், நீட்டியவள் தயங்கினாள்.

"உனக்கு டாக்டர்…"

"உப்புத் தடைய டாக்டர் இப்பத்தான் எடுத்துட்டாரு" என்றான் போலோ, வாயை நிறைத்துக்கொண்டு.

டெல்மிரா அடையைப் பிய்த்தாள். படகில் இருந்தவனின் கண்ணை விட்டுக் கண்ணை எடுக்காமல், அவசரமே இல்லாமல் மென்றாள். விழுங்கினாள். பிறகு தட்டைச் சோய்லா பக்கம் நீட்டினாள்.

"உப்பு கொஞ்சம் கம்மி. இன்னும் போடுங்க."